மேய்ச்சலும் சட்டமும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இலக்கணமும் இலக்கியமும் கற்பிப்பதையே பிழைப்பாகக் கொண்ட யான் இன்று சட்டத்தைப் பற்றிப் பேச முன்வந்திருப்பது உங்களுட் சிலர்க்கு வியப்பாகத் தோன்றலாம். சட்டம் வழக்கறிஞர்க்குரிய துறை. பண்டிதனுக்கு அதில் என்ன வேலை என்று நீங்கள் வினவுவீர்களாயின் அவ்வினா நியாயமானதே. என்னை இத்துறைக்கு இழுத்துவந்தவன் என் மாணவன் ஒருவன். அவன் செய்தியை முதற்கண் சொல்லிப் பின்னர்ப் பொருளுக்கு வருகிறேன்.

மலையடிவாரத்துப் பள்ளி ஒன்றில் ஒன்பதாம் வகுப்பிற்கு முல்லைத்திணையைப் பற்றிப் பாடஞ்சொல்லிக்கொண்டிருந்தேன். காடும் காடு சார்ந்த இடமும் முல்லை. அங்கு வாழ்வோர் ஆயர். அவர்தம் செல்வம் ஆநிரை. அத்திணைக்கு உரிப்பொருள் இருத்தல் என்று விரித்துரைத்தேன். அவ்வகுப்பில் ஆடு மாடு மேய்க்கும் குடியிற் பிறந்த பிள்ளை ஒருவனே உளன். அவன் அன்று வரவில்லை. அதன்பின் ஒரு கிழமை வரையிலும் வரவில்லை. மாலையில் அவன் வீட்டிற்குச் சென்று விசாரித்தேன். அவர்களுடைய மாடுகள் ஐந்து எல்லைக்கல்லைக் கடந்து காப்புக்காட்டிற்குள் புகுந்தனவென்று பிடிக்கப்பட்டனவாம். தந்தையார் கடன் வாங்கித் தொகை செலுத்தி மாடுகளை மீட்டுவந்தார். அவை மீண்டும் கல்லைக் கடவாதபடி காவல் நிற்பதற்குப் பையன் பள்ளியினின்று நிறுத்தப்பட்டான்.

தந்தையார் ஒரு தாளைக் கொணர்ந்து காட்டினார். அதன் அடியில் அவர்தம் கைநாட்டு இருந்தது. “ரசீது என்றார்கள் ஐயா, விரலை வைத்தேன்” என்றார். அதனைப் படித்தேன். தாம் அறிந்தே மாடுகளைக் காப்புக்காட்டில் ஓட்டி மேய்த்ததாகவும், அக்குற்றத்தை ஒப்புக்கொள்வதாகவும் அதில் எழுதியிருந்தது. அவருடைய பாட்டனார் காலந்தொட்டு அச்சரிவில் அவர்கள் மேய்த்துவருகின்றனர். அவ்வழக்கத்திற்குச் சான்றாக அவ்வீட்டில் ஓர் எழுத்துமில்லை. அதற்கு எதிரான எழுத்து மாத்திரம் அவர் விரற்குறியோடு இருக்கின்றது. முல்லையைப் பத்தாண்டுகளுக்கு மேலாகக் கற்பித்துவரும் யான், முல்லைநிலத்து மாந்தர் இன்று எச்சட்டத்தின்கீழ் வாழ்கின்றனர் என்பதை அறியேனாய் அவர்முன் நின்றேன். அந்நாணமே இச்சொற்பொழிவிற்குக் காரணம்.

நிற்க. கால்நடைக்குச் சட்டம் வகுத்தல் வெள்ளையர் கொணர்ந்த புதுமையன்று. நம் முன்னோர் ஆநிரையையே செல்வமென மதித்தனர். பகைவர் நிரையைக் கவர்தல் வெட்சி எனவும், கவர்ந்த நிரையை மீட்டல் கரந்தை எனவும் புறத்திணையில் இடம்பெற்றன. நிரை மீட்டுப் பட்டார்க்கு நட்ட கற்கள் செங்கம் முதலிய இடங்களில் இன்றும் காணப்படுகின்றன. சோழர் காலத்தில் இவ்வொழுக்கம் எழுத்து வடிவம் பெற்றது. கோயிலில் ஒரு நொந்தா விளக்கு எரிப்பதற்கு 96 ஆடு விடப்படும். ஆட்டிற்கு மாறாக 48 பசு விடுதலும் உண்டு. அவற்றை ஏற்றுக்கொண்ட இடையன் நாள்தோறும் உழக்கு நெய் அளக்கக் கடவன். ‘சாவா மூவாப் பேராடு’ என்று கல்வெட்டுகள் கூறும். இறந்த ஆட்டிற்கு ஈடாகக் குட்டிகளிலிருந்து ஒன்றைச் சேர்த்து மந்தையின் தொகை குறையாமற் காப்பது அவன் கடமை. எஞ்சிய பெருக்கம் அவன் ஊதியம். தஞ்சைப் பெரியகோயிற் கல்வெட்டுகளில் இவ்வாறு கால்நடையை ஏற்ற இடையர்களின் பெயர்கள் வரிசையாகப் பொறிக்கப்பட்டுள்ளன. எழுதப் படிக்க அறியாதானும் கல்லில் தன் பெயரை உடையனாயிருந்தான். அவன் கடமையும் அங்கே இருந்தது. ஊதியமும் அங்கே இருந்தது. இதனை நினைவிற் கொண்டு மேலே செல்வோம்.

ஆங்கில ஆட்சியில் கால்நடையைப் பற்றி முதலில் எழுந்த பெருஞ்சட்டம் பயிரைக் காக்க எழுந்தது. 1857-ஆம் ஆண்டில் ஒன்று வந்தது. அதனையும் அதன் திருத்தங்களையும் நீக்கி 1871-இல் கால்நடை அத்துமீறல் சட்டம் இயற்றப்பட்டது. நம்மூர்களில் ‘பவுண்டு’ என்று வழங்கும் பட்டிகள் அச்சட்டத்தால் அமைந்தவை. பயிரை மேய்ந்த மாட்டை நிலத்துக்குரியவன் பிடிக்கலாம்; பிடித்தால் 24 மணி நேரத்திற்குள் பட்டிக்கு அனுப்பவேண்டும். யானைக்கு 2 ரூபாய், ஒட்டகத்திற்கும் எருமைக்கும் 8 அணா, பசுவிற்கும் காளைக்கும் குதிரைக்கும் 4 அணா, கன்றுக்கும் கழுதைக்கும் பன்றிக்கும் 2 அணா, ஆட்டிற்கு 1 அணா என்று முதலில் அபராதம் விதிக்கப்பட்டது. யானையைப் பிடித்துப் பட்டியில் அடைக்கும் உழவன் எங்கிருந்தான் என்று நகைக்கத் தோன்றும். ஆனால் அந்நாளில் ஓரணா என்பது ஏழை ஆயனுக்கு நகைப்பிற்குரிய தொகையன்று; நாற்பது ஆடு அடைபட்டால் இரண்டரை ரூபாய், அதன்மேல் தீனிச் செலவு. ஏழு நாளில் உடையவன் வாராவிடின் காவல்நிலையத்திற்குச் செய்தி போகும். அறிவிப்புச் செய்தபின் மேலும் ஏழு நாள் கழிந்தால் கால்நடை ஏலத்தில் விற்கப்படும்.

இச்சட்டம் அநீதியானதென்று யான் கூறேன். இரவெல்லாம் கண்விழித்து வளர்த்த கதிரை ஒரு மந்தை ஒரு நாழிகையில் அழித்துவிடும். நம்மவருள் உழவரும் உளர். அவர்தம் துயரையும் யான் அறிவேன். மற்றும், இச்சட்டத்தினுள்ளே ஆயனுக்கும் ஒரு வாயில் திறந்திருந்தது. முறையின்றி மாட்டைப் பிடித்தாரென்றால் பத்து நாளுக்குள் நீதிபதியிடம் முறையிடலாம். மெய்யெனக் கண்டால் 100 ரூபாய் வரையில் நட்டஈடு பெறலாம். வாயில் திறந்திருந்ததாயினும் அதன்மேல் எழுதியிருந்ததைப் படிக்க வல்லார் மந்தையின் பின்னே நடந்தாரல்லர். பத்து நாள் என்னும் கெடு அவர் அறியாமலே கழிந்தது.

இனிக் காட்டிற்கு வருவோம். 1871-ஆம் ஆண்டிலேயே சென்னை மாகாணத்து ரெவினியூ போர்டார் அரசாங்கத்திற்கு ஓர் உண்மையைத் தெரிவித்தனர். இம்மாகாணத்தில் ஏதேனும் ஓர் ஊரின் எல்லைக்குள் அடங்காத காடு இல்லையென்றே சொல்லலாம். மேய்ச்சலிலும் விறகிலும் ஊரார்க்கு உரிமை உண்டு. அவற்றை அரசின் தனிச்சொத்தென்று கொள்ளுதற்கு ஆதாரம் இல்லை என்பது அவர்கள் கருத்தின் சாரம். இந்தியாவின் பிற பகுதிகட்கு 1878-இல் வந்த காட்டுச்சட்டத்தைச் சென்னை ஏற்காதிருந்தமைக்கும் இக்கருத்தே காரணம். ஆயினும் இரயில்பாதைக்கும் கப்பலுக்கும் மரம் வேண்டியிருந்தது. காடு அழிகிறதென்ற அச்சமும் பொய்யன்று. காட்டுத்துறைத் தலைவர் பிராண்டிஸ் துரை இங்கு வந்து ஆராய்ந்தபின், 1882-இல் சென்னைக் காட்டுச்சட்டம் நிறைவேறியது.

இச்சட்டத்தின் நடுநரம்பு எதுவென்பதை நீங்கள் கூர்ந்து நோக்கவேண்டும். ஒரு நிலத்தைக் காப்புக்காடாக்க அரசு கருதினால் முதலில் அறிவிப்புச் செய்யும். ஊர்மொழியில் அறிவிப்பு ஒட்டி, மூன்று மாதத்திற்குக் குறையாத கெடு வைத்து, அங்கு உரிமை உடையோர் வந்து கோருக என்று அழைக்கும். அதற்கென அமர்த்திய அதிகாரி கோரிக்கைகளை விசாரித்து, மேய்ச்சல், நடைபாதை, நீர்நிலை முதலியவற்றின்மேல் தீர்ப்பளிப்பார். கோரப்படாத உரிமை எதுவோ அஃது அழிந்துபோகும். அதன்பின் அக்காட்டிற்குள் மாடு புகுதல் குற்றம். விதிகளுக்கு மாறாக வேட்டையாடுதல் குற்றம். மீன் பிடித்தல், நீரில் நஞ்சு கலத்தல், பொறி வைத்தல் யாவும் குற்றம். வேட்டை, மீன், கால்நடை ஆகிய மூன்றும் ஒரே பிரிவினுள் ஒருங்கே அடைபட்டன.

அறிவிப்பு தாலுகாக் கச்சேரியிலும் ஊர்ச்சாவடியிலும் ஒட்டப்பட்டிருக்கும். அந்நேரம் ஆயன் எங்கிருப்பான்? கோடையில் மேய்ச்சலைத் தேடி மலைமேல் இருப்பான்; அறுவடை முடிந்த காலத்தில் அயலூர் வயலில் கிடை போட்டிருப்பான். உழவனுக்கு வீடும் பட்டாவும் ஓரிடத்தில் உள. ஆயனுடைய உரிமையோ நடந்துகொண்டே இருப்பது. அதனை மூன்று மாதத்திற்குள் எழுத்தில் கொணர்ந்து வை என்று சொன்ன சட்டம், சொற்களளவில் எல்லோர்க்கும் ஒன்றுபோலத் தோன்றினும் பயனளவில் ஒன்றாயிருக்கவில்லை. இவ்வாறு கோரப்படாமல் பல சரிவுகளில் பாட்டன்மார் உரிமை அவியலாயிற்று. பின்னர் அதே சரிவில் மேய்ப்பதற்குக் கட்டணம் கட்டிச் சீட்டுப் பெறவேண்டியதாயிற்று.

அதே காலத்தில் நீலகிரியில் நிகழ்ந்ததனையும் இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கு வேட்டையை விளையாட்டாகக் கொண்ட ஐரோப்பியக் கனவான்கள், மானும் வரையாடும் அருகி வருதல் கண்டு 1877-இல் ஒரு வேட்டைச் சங்கம் அமைத்தனர். இரண்டே ஆண்டில், 1879-இல், நீலகிரி வேட்டைவிலங்கு மீன் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. இன்ன காலத்தில் வேட்டையாடலாகாது, உரிமச்சீட்டின்றி ஆடலாகாது என்னும் ஒழுங்குகள் அதன்வழி வந்தன. அவர்களது ஆசையால் விலங்குகட்கு நன்மையும் விளைந்ததென்பதை மறுக்கவேண்டுவதில்லை. யான் காட்ட விரும்புவது வேறு. அவர்கள் சிலரே, எனினும் கூடினர், எழுதினர், கேட்டனர், பெற்றனர். ஆயர் பல்லாயிரவர், கூடவுமில்லை, எழுதவுமில்லை, அவர்க்காகப் பேசிய ரெவினியூ போர்டாரின் கருத்தும் பதினோராண்டில் ஏட்டளவில் நின்றது.

கேளாதார் என்றும் வாளாவிருந்தார் என்று எண்ணற்க. குறைகள் மிகவே, சென்னை அரசு 1912-இல் ஒரு காட்டுக்குழுவை அமைத்தது. ஊர்த்தேவைக்குரிய காடுகளை ஊர்ப் பஞ்சாயத்தின் பொறுப்பில் விடலாமென்று அக்குழு அடுத்த ஆண்டு கூறியது. அவ்வாறே சில காடுகள் பஞ்சாயத்துக் காடுகளாயின. அஃது எல்லாவிடத்தும் போதவில்லை. அப்பொழுது நம் மாகாணத்தைச் சேர்ந்திருந்த குண்டூர் ஜில்லாவின் பல்நாட்டில், 1921-ஆம் ஆண்டு, மேய்ச்சல்வரியாகிய ‘புல்லரி’யைக் கட்டமாட்டோமென்று மக்கள் மறுத்து மாடுகளைக் காட்டிற்குள் ஓட்டினர். அவ்வியக்கத்தில் முன்னின்ற கன்னெகண்டி ஹனுமந்து 1922 பிப்ரவரியில் சுடப்பட்டு மாண்டார். புல்லின்பொருட்டு ஒருவன் உயிர்விட்டான் என்றால் புல் எத்துணைப் பெரிதென்பது விளங்கும்.

நாடு விடுதலை பெற்றபின்னர் வேட்டை, மீன், கால்நடை ஆகிய மூன்றன் வரலாறும் மூன்று வழியாகப் பிரிந்தன. வேட்டையை 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் கட்டுப்படுத்தியது. 1991-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் உரிமம் பெற்று ஆடும் விளையாட்டு வேட்டையும் ஒழிந்தது. கடலில், விசைப்படகுகள் கரையோரத்தில் வலையிழுத்துக் கட்டுமரக்காரர் பிழைப்பைக் கெடுத்தகாலை, அவர்கள் திரண்டு முறையிட்டனர், பூசல்களும் நிகழ்ந்தன. 1983-இல் வந்த தமிழ்நாடு கடல்மீன்பிடிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தால் கரையினின்று மூன்று கடல்மைல் சிறுதொழிலாளர்க்கென ஒதுக்கப்பெற்றது. அவ்வெல்லை மீறப்படுவதுண்டு, ஆயினும் மீறப்பட்டது என்று சொல்வதற்கு ஓர் எல்லை சட்டத்தில் இருக்கின்றது. ஆயனுக்கு அத்தகைய எல்லை நெடுங்காலம் வாய்க்கவில்லை.

வாய்த்தது 2006-ஆம் ஆண்டில். அவ்வாண்டு பாராளுமன்றம் இயற்றிய வனவுரிமைச் சட்டம், பழங்குடியினர்க்கும் வழிவழியாகக் காட்டைச் சார்ந்து வாழும் பிறர்க்கும் உரிய உரிமைகளை ஏற்கின்றது. அவற்றுள் மேய்ச்சலுரிமை பெயர் சொல்லிக் கூறப்பட்டுள்ளது. ஓரிடத்தில் தங்கி மேய்ப்பாரையும், இடம்பெயர்ந்து மேய்ப்பாரையும் அஃது ஒருங்கே குறிக்கின்றது. நீர்நிலையில் மீன் பிடிக்கும் உரிமையும் அதனுடன் நிற்கின்றது. வேட்டை மாத்திரம் விலக்கப்பட்டது. 1882-இல் ஒருங்கே அடைபட்ட மூன்றனுள் இரண்டிற்கு நூற்றிருபத்துநான்கு ஆண்டுகட்குப் பின் கதவு திறந்தது.

இக்கதவிலும் நிபந்தனை எழுதியிருக்கின்றது. பழங்குடியல்லாதார் 2005 டிசம்பர் 13-க்கு முன் மூன்று தலைமுறை, அஃதாவது 75 ஆண்டு, அக்காட்டைச் சார்ந்து வாழ்ந்தமைக்குச் சான்று காட்டவேண்டும். கணக்கிட்டால் 1930-ஆம் ஆண்டிற்குச் செல்கின்றது. கோரிக்கை கிராமசபையினின்று தொடங்கும். சபை கோரிக்கைகளை அழைத்தபின் மூன்று மாதம் கெடு. வேண்டின் சபையே அதனை நீட்டலாம். சான்றாக வைக்கத்தக்கவை யாவை? பழைய மேய்ச்சற்சீட்டு, அரசாங்க ஏடு, கிணறு, இடுகாடு, வழிபாட்டிடம், வழிவழி வந்த மேய்ச்சல்நிலம் ஆகியவற்றோடு, கோருவோர் அல்லாத முதியோர் சொல்லி எழுதப்பட்ட வாக்குமூலமும் சான்றாகும் என்று விதி கூறுகின்றது. முதியோர் நினைவு சான்றாகும் என்பதனை மறவாதீர்கள்.

இவ்வாறிருக்க, 2022 மார்ச்சு மாதத்தில் சென்னை உயர்நீதிமன்றம் தமிழகக் காடுகள் முழுமைக்கும் மேய்ச்சலைத் தடுத்து ஆணையிட்டது. பின்னர் அம்மாதத்திலேயே அத்தடையைத் தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் ஆகியவற்றளவில் நிறுத்தியது. புலியும் வாழவேண்டும், நோயுற்ற மாட்டால் காட்டுவிலங்கிற்கும் நோய் பரவும் என்பது பொய்யன்று, மிகுதியாக மேய்ந்தால் நாற்று முளையாது என்பதனை நல்ல ஆயன் எவனும் ஒப்புவான். எனினும் வனவுரிமைச் சட்டம் காடு என்னும் சொல்லினுள் சரணாலயத்தையும் தேசியப் பூங்காவையும் அடக்கியே பேசுகின்றது. ஆகவே எச்சரிவில் எவர்க்கு உரிமை உண்டு என்பதை ஆராய்ந்து முடித்தபின்னரே எவரை விலக்கலாம் என்னும் வினா எழவேண்டும். தேனி மலைமாடுகளும் பர்கூர்ச் செம்மறை மாடுகளும் மலையில் மேய்ந்து உருப்பெற்ற இனங்கள். தொழுவத்தில் கட்டி வைக்கோலிட்டு வளர்ப்பதற்கு அவை ஏற்றனவல்ல. மேய்ச்சல் நீங்கின் அவ்வினங்களும் நீங்கும்.

அன்பர்களே! இவ்வரலாற்றால் யான் கற்றது ஒன்றே. 1871-இல் பத்து நாள், 1882-இல் மூன்று மாதம், 2006-க்குப் பின் மீண்டும் மூன்று மாதம். ஒவ்வொரு காலத்தும் சட்டம் ஒரு கெடு வைத்து நம்மைக் கேட்கச் சொன்னது. சட்டம் கேட்பாரை எளிதாகக் கேட்கவிடவில்லை என்பது அதன் குறை. கேட்கவேண்டும் என்பதையே நாம் அறியாதிருந்தது நம் குறை. முன்னதை மாற்ற நெடுநாள் ஆகும். பின்னதை இந்த ஆண்டிலேயே மாற்றலாம்.

அதற்குச் செய்யவேண்டுவன சில. எத்தாளிலும் படித்துக் கேளாமல் கைநாட்டு வைத்தலாகாது. படிக்க அறிந்த பிள்ளையை உடனழைத்துச் செல்லுங்கள். பரணிலும் பெட்டியிலும் கிடக்கும் பழைய மேய்ச்சற்சீட்டு, அபராத ரசீது முதலியவற்றைச் செல்லுக்கு இரையாக்காதீர்கள். அபராத ரசீதுங்கூட உங்கள் பாட்டனார் அங்கு மேய்த்தார் என்பதற்குச் சான்றாகலாம். கற்பட்டி, சுனை, சாமிகல் எங்கெங்கு உள்ளன என்று குறித்துவையுங்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களில் கூடும் கிராமசபைக்குக் கூட்டமாகச் செல்லுங்கள். இவை யாவினும் முந்தியது, முதியோர் சொல்லை எழுதிக்கொள்ளுதல். 1930-ஐ ஒட்டிய காலத்தைத் தம் தந்தையார் வாயால் கேட்டவர் இன்று எண்பதைக் கடந்தவர். அவருள் ஒருவர் மறையுந்தோறும் ஒரு சான்று சுடுகாட்டிற்குச் செல்கின்றது. அதற்கு மூன்று மாதக் கெடுவும் இல்லை.

என் மாணவனைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். அவனைப் பள்ளிக்கு மீண்டும் அனுப்புமாறு தந்தையாரை வேண்டினேன்; பக்கத்து வீட்டார் காவலை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ள இசைந்தமையால் அனுப்பினார். அடுத்த கிழமை வகுப்பில் கட்டுரைப் பயிற்சியாக, வீட்டிலோ அயலிலோ உள்ள மூத்தவர் ஒருவர் சொல்வதைக் கேட்டு எழுதிவருமாறு பணித்தேன். அவன் அயல்வீட்டு முதியவர் சொன்னதை மூன்று பக்கம் எழுதிவந்தான். மாடு ஏறும் தடங்கள், நீர் வற்றாத சுனைகள், மழைக்காலத்தில் பட்டி போட்ட பாறை, தம் தந்தையார் சீட்டு வாங்கச் சென்ற வழி என்று அம்முதியவர் ஒவ்வொன்றாகப் பெயர் கூறியிருந்தார். ஒற்றுப்பிழை மலிந்திருந்தது. சிவப்பு மையை எடுத்த யான் அதனை மூடிவைத்துவிட்டேன். சாட்சி சொன்னவர் சொல் அவர் சொல்லாகவே இருத்தல் வேண்டும். முதியவர் அதனைப் படித்துக் காட்டச்சொல்லிக் கேட்டபின் கையொப்பமிட்டார். அவர்க்குக் கையொப்பமிடத் தெரிந்திருந்தது. அத்தாள் இன்று அவ்வூரார் கோரிக்கையோடு கிராமசபையில் இருக்கின்றது. முடிவு இன்னும் வரவில்லை.

முல்லைக்கு உரிப்பொருள் இருத்தல் என்று கற்பித்தேன். ஆற்றியிருத்தல் என்பது அதற்குப் பொருள். ஆயர் நூற்றைம்பது ஆண்டு ஆற்றியிருந்தனர். இனி அவர் பொருட்டு எழுதுதல் நம் கடன். இச்சங்கத்தில் எழுதப் படிக்க வல்ல இளைஞர்கள் பலர் உளர். விடுமுறை நாளொன்றில் இருவர் இருவராக ஓரூர்க்குச் சென்று முதியோர் வாக்கை எழுதிவருமாறு ஒரு தீர்மானம் செய்யவேண்டுமென்று தலைவர் அவர்களை வேண்டிக்கொள்கிறேன். அப்பணிக்கு முதலில் என் பெயரைக் குறித்துக்கொள்க.